விக்கா கற்கத் தொடங்குபவருக்கு எந்தப் புத்தகம்?

'விட்ச்கிராஃப்ட்' என்பதைச் 'சூனியம்' என்று எழுதிய மறுகணமே நம் மனக்கண்ணில் எலுமிச்சம்பழமும் மண்டையோடும் வந்து நின்றுவிடுகின்றன. இங்கே பேசப்போவது அதுவல்ல. 1950களில் இங்கிலாந்தில் வெளியுலகுக்குத் தெரியவந்த விக்கா என்ற சமயம். ஒரு பெண் தெய்வம், கொம்புடைய ஓர் ஆண் தெய்வம், பௌர்ணமிச் சடங்குகள், ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள். 1951இல் பழைய சூனியச் சட்டம் அங்கே நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் 'விட்ச்கிராஃப்ட் டுடே' எழுதினார். (இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர் இந்தக் கார்ட்னர். தமிழர்கள் கொழுந்து பறித்த தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர் எங்கே போய்ச் சேர்ந்தார் பாருங்கள்!) தொன்மையான மதம் ஒன்று இரகசியமாகப் பிழைத்து வந்தது என்பது அவருடைய கதை. வரலாற்று ஆவணமாக அந்நூல் சுவையானது, கற்க உதவாது.

கற்பதற்கென்று வந்தவற்றில் நேருக்கு நேர் மோதுபவை இரண்டு. ரேமண்ட் பக்லண்டின் 1986ஆம் ஆண்டுத் தடித்த நீல அட்டைப் புத்தகம் ஒன்று. ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாகச் சடங்கு செய்பவர்களுக்காக 1988இல் எழுதியது மற்றொன்று.

பக்லண்ட் கார்ட்னர் மரபில் தீட்சை பெற்று, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர். புத்தகம் பதினைந்து பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள். அரையாண்டுத் தேர்வுக்கு உட்கார்ந்த நினைவு வராமல் போகாது. மூலிகை, ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்து, குறிசொல்லுதல், குணப்படுத்துதல் என்று எல்லாம் உண்டு, எதிலும் ஆழமில்லை. சடங்குகளில் பெரும்பகுதி குழுவாகச் செய்வதற்கு எழுதப்பட்டவை. தனியாளுக்கான பாடம் கடைசியில்தான் வருகிறது. விக்கா படிக்கும் பலருக்கு ஊரில் குழு எதுவும் இருப்பதில்லை என்பதை நினைத்தால், இது சின்னக் குறையல்ல.

கன்னிங்ஹாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். குழு வேண்டாம், குரு வேண்டாம், தீட்சை கொடுக்க ஆள் வேண்டாம். முதலில் கொள்கை, பிறகு செய்முறை, மூன்றாவதாக அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு சடங்குத் தொகுப்பு. ஒரு கிண்ணத்தில் உப்பு, இன்னொன்றில் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்சம் தூபம். சமையலறையைத் தாண்டாமல் பாதிப் பொருள் சேர்ந்துவிடும். மரபுக்காரர்கள் இவர்மேல் சினந்ததும் இதனால்தான்: மூன்று படிகளாகத் தீட்சை கொடுத்துக் காத்து வந்ததைச் சாலையில் இறக்கிவிட்டார் என்று. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாமே இனிப்பாக இருக்கிறது. முட்டி மோதிப் பார்க்க ஒரு கேள்வியும் அவர் விட்டுவைப்பதில்லை.

எழுத்தழகு என்று பார்த்தால் இருவரையும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஸ்டார்ஹாக்கின் 'தி ஸ்பைரல் டான்ஸ்' எளிதில் மிஞ்சிவிடும். 1979இல் வந்த அந்நூலில் பெண்ணியமும் அரசியலும் சடங்கும் பிரிக்கமுடியாமல் பின்னிக்கிடக்கின்றன. முதுகெலும்பை மரத்தின் அடியாக எண்ணி, வேர்கள் தரைக்குள் இறங்குவதாக மூச்சுவிடும் பயிற்சி ஒன்று அதில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாத நான்கூட ஒரு மாலை செய்துபார்த்தேன், தோள்வலி குறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் வரலாற்றில் அவர் சறுக்குகிறார். ஐரோப்பாவில் தொண்ணூறு இலட்சம் பேர் சூனியக்காரர்கள் என்று கொல்லப்பட்டதாக எழுதினார். 1784இல் வோய்க்ட் என்ற ஜெர்மானியர், தன் ஊர் வழக்குப் பதிவுகளைக் கண்டம் முழுமைக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. இன்றைய வரலாற்றாளர்கள் பெரும்பாலும் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. ஸ்டார்ஹாக் பழைய வரியை அழிக்காமல், பிந்திய பதிப்பின் குறிப்பில் அந்த எண் மிகையாக இருக்கலாம் என்று எழுதினார். தவறையும் திருத்தத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்ததற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு.

அதே 1979இல் மார்கோ அட்லர் எழுதியது பத்திரிகையாளரின் நூல். அமெரிக்கக் குழுக்களைச் சந்தித்துப் பேசித் தொகுத்தது, நேரமிருந்தால் படியுங்கள்.

முதலில் கன்னிங்ஹாம். இந்த வரிசையில் சடங்கே சொல்லித்தராத ஒரு புத்தகத்தைத்தான் இரண்டாவதாகக் கையில் கொடுப்பேன். பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டனின் 'தி டிரயம்ஃப் ஆஃப் தி மூன்' (1999). விக்கா பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்ததல்ல. ரொமான்டிக் கவிஞர்கள், ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சகோதரச் சங்கங்களின் படிநிலைத் தீட்சை, சடங்கு மாந்திரிகம், கிராமத்து வைத்தியர்கள் எனப் பல இழைகளில் அண்மையில் நெய்யப்பட்டது என்று அவர் காட்டுகிறார். கேலி இல்லை, பரிவு இருக்கிறது. கன்னிங்ஹாமின் இனிப்புக்கு இதுதான் சரியான கசப்பு. இரண்டையும் சேர்த்தே வாசிக்கலாம். மூன்றாவதாக ஸ்டார்ஹாக். பக்லண்ட் அலமாரியில் இருக்கட்டும், தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். ஹட்டனுக்கு 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஸ்டார்ஹாக்குக்கு இருபதாம் ஆண்டுப் பதிப்பு. 1979ஆம் ஆண்டுப் பிரதி பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், அந்தத் திருத்தக் குறிப்புகள் அதில் இல்லை.