பேரனுக்கு வைத்த தாத்தா பெயர்: 2 வருஷம் 4 மாதம், 38,000 கிலோமீட்டர்

கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்த 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், உன் வண்டி மாதிரியே ஒன்று புதுசாக வாங்கலாமா என்று. முதல் இரண்டு பேருக்கு "தாராளமா எடு" என்றேன். மூன்றாவது ஆள் பெல்லந்தூர் நண்பன், தீபாவளிக்குச் சேலம் போய்விட்டு நான் பெங்களூரு திரும்பிய மறுநாள் கேட்டான், அவனுக்கு "எடுக்காதே" என்றேன். வண்டி அதேதான். நடுவில் தொப்பூர் கணவாயில் ஒரு மழை பெய்தது.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. சர்வீஸில் இருக்கும் தம்பி நல்ல பையன், அவன் தலையில் விடியவேண்டாம். ஏழு சீட், டீசல் ஆட்டோமேட்டிக், 2023 ஜூனில் எடுத்தது. இதற்கு முன்னால் இதே பெயரில் வந்த பழைய மாடலை ஏழு வருஷம் வைத்திருந்தேன், அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

விலை விஷயத்தில் வயிற்றெரிச்சல் தனி. இந்த அளவு எஸ்யூவிக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் தலைமேல் செஸ் என்று 22 சதவீதக் கூடுதல் வரி. இப்போது மொத்தமே 40. 150 ரூபாய்க்கு விற்றது 140 ரூபாய் ஆனமாதிரி. 22 லட்சம் வண்டியில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் குறையும், கர்நாடகாவில் 20 லட்சத்தைத் தாண்டினால் லைஃப் டாக்ஸ் 18 சதவீதம் என்பதால் அதிலும் கொஞ்சம் மிச்சம். நான் கட்டியது கட்டியதுதான்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனது. பழைய வண்டியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, ஒரு காலை உள்ளே வைத்து, "முருகா" என்று மூச்சை இழுத்துத்தான் ஏறுவார். இதில் நடுவரிசை சீட் அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக வருகிறது, திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்கிறார், அப்புறம் ஓசூர் வருவதற்குள் குறட்டை. அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட பள்ளங்களில்கூட அவர் தூக்கம் கலையவில்லை. சஸ்பென்ஷன் செய்தவருக்கு ஒரு கும்பிடு. மைலேஜ் ஊருக்குள் பத்து, ஹைவேயில் பதினைந்து. போதும்.

இனி அந்த ஸ்கிரீன்.

பழைய வண்டியில் ஏசிக்கு மூன்று நாப். மழை வந்தால் நடுவில் இருப்பதை வலது கோடிக்குத் திருகினால் போதும், டக் டக் டக் என்று விரலுக்கே தெரியும், காற்று முழுக்க முன்கண்ணாடிக்குப் போகும், கண் ரோட்டை விட்டு அசையவேண்டியதில்லை. புது டிசைனில் நாப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே பெரிய ஸ்கிரீன். ஷோரூமில் பார்த்தபோது நானும் வாயைப் பிளந்தேன், மறைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம். லாரிகள் கியரில் இறங்குகின்றனவா நியூட்ரலில் உருள்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து ஓட்டவேண்டிய இடம். சடாரென்று மழை. குளிருகிறது என்று அப்பா சொன்னதால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏசியை அணைத்திருந்தோம், உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்தது, ஆறு பேர் மூச்சு, டீ குடிக்க இறங்கியபோது நனைந்த இரண்டு குடை. கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதைப் போட்டு வெளிக்காற்றைத் திறந்து கண்ணாடிமேல் விட்டால் அரை நிமிஷத்தில் தெளிந்துவிடும். எனக்குத் தெரியும். ஆனால் அதற்கான பட்டன் ஸ்கிரீனில் எங்கே? இடது கீழ் மூலையில் இருந்ததுதான், இரண்டு வருஷம் அங்கேயே தொட்டுப் பழகியிருந்தேன், ஆகஸ்ட் சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டதில் அதை மெனுவில் ஒரு பக்கம் உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் தொட்ட இடத்தில் இப்போது சீட் கூலிங். மழையில், தொப்பூரில், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மங்கலாக மட்டும் தெரிகிறது, என் முதுகு சில்லென்று ஆகிறது. பக்கத்தில் மனைவி துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்தாள். இத்தனை லட்சத்துக்கு வாங்கியதில் அன்றைக்கு வேலை செய்த ஒரே டீஃபாகர் அந்தத் துப்பட்டாதான். வாய்ஸ் கமாண்ட் என்று ஒன்று இருக்கிறது, குழந்தைகள் கத்திக்கொண்டிருக்கும் வண்டியில் அதை முயன்று பார்த்தவர்கள் மேற்கொண்டு பேசமாட்டார்கள்.

சர்வீஸில் சொன்னேன். "அடுத்த அப்டேட்ல மாத்திடுவாங்க சார்" என்றார் தம்பி. பட்டன் என்பது இருந்த இடத்தில் இருக்கவேண்டிய பொருள் இல்லையா? வீட்டு லைட் சுவிட்சை யாராவது ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றுவார்களா?

இது ஒரு கம்பெனியின் நோய் மட்டும் கிடையாது. தனித்தனி பட்டனுக்கு அச்சு, ஒயர், சோதனை எல்லாம் செலவு, ஸ்கிரீன் எப்படியும் வைக்கப்போகிறார்கள், அதிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் மிச்சம், விளம்பரத்தில் பிரீமியம். ஃபோக்ஸ்வாகன் இதில் சூடு பட்டு, இனி வரும் வண்டிகளில் வால்யூம், ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் நிஜ பட்டனே வரும் என்று 2025இல் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் கார் பாதுகாப்புக்கு மார்க் போடும் யூரோ என்கேப்பும் 2026லிருந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்டு போன்றவற்றுக்கு நிஜ பட்டன் இல்லாவிட்டால் மார்க் குறையும் என்று அறிவித்தது. முதலில் அறிவித்த அந்தப் பட்டியலில் டீஃபாகர் இல்லை. அவர்கள் தொப்பூர் வந்ததில்லை போல.

தாத்தா பெயரை வைப்பதால்தான் பேரன் என்று ஆனது என்பார்கள். கார்க்காரர்களும் அதையே செய்கிறார்கள். 1998 டாடா சஃபாரி என்றால் லாரி மாதிரி தனிச் சட்டமாக சேஸியும் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும். 2021இல் பெயர் திரும்பி வந்தபோது அது முன்சக்கரம் இழுக்கும், தனிச் சேஸி இல்லாத மோனோகாக் வண்டி, கிராவிடாஸ் என்று முதலில் காட்டியதற்குக் கடைசியில் வைத்த பெயர். மஹிந்திரா உஷார், 2022இல் ஸ்கார்ப்பியோ-என் வந்தபோது பழையதை கிளாசிக் என்று கூடவே வைத்துக்கொண்டது. டொயோட்டாவும் இன்னோவா ஹைகிராஸ் வந்த பிறகு பழைய இன்னோவா கிரிஸ்டா டீசலை 2023இல் மறுபடி கொண்டுவந்தது. புதுசு பிடிக்காதவனுக்கு ஒரு வழி இருக்கிறது. என் வண்டிக் கம்பெனி தாத்தாவை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது, அந்தப் பெயரை நம்பித்தான் நான் டெஸ்ட் டிரைவ்கூட அரைமனதாக ஓட்டிவிட்டு, அதுவும் வெயில் நாளில், புக் பண்ணினேன்.

இவ்வளவையும் நண்பனிடம் போனில் கொட்டினேன், ஸ்பீக்கரில். "அப்ப வித்துடு, நானே எடுத்துக்கறேன்" என்றான் அவன். எனக்கு அந்தக் கோபத்தில் சரி என்றுதான் வாயில் வந்தது. பின்சீட்டில் தூங்குகிறார் என்று நினைத்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "விக்கிறதுன்னா வித்துக்க. இந்த சீட்டை மட்டும் கழட்டி வீட்ல வெச்சிரு."