அப்பாரு வழியைத் தேட: ஆவணக் காப்பகமா, கன்னிமாராவா?

ஈரோடு, தாராபுரம் பக்கமிருந்து முன்னோரைத் தேடிச் சென்னைக்கு ரயிலேறுகிறவர்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா பொது நூலகம் என்ற இந்த இரண்டில்தான் குழம்புகிறார்கள். இரண்டும் இருப்பது எழும்பூரில்.

கிடைப்பது: காப்பகத்தில் செட்டில்மெண்ட் பதிவேடு (நிலத்துக்கு வரி நிர்ணயித்த பதிவு), இனாம் பதிவேடு (மானிய நிலப் பதிவு), உங்கள் பூட்டன் பெயரே நிலத்தோடு சேர்ந்து அகப்படலாம். கன்னிமாராவில் 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு மாதிரிப் பழைய புத்தகங்கள். ஊர் தெரியும், ஆள் தெரியாது.

சிரமம்: காப்பகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். நூலகத்தில் நேரே போய் உட்காரலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், பல பேர் இங்கேதான் நாள் கணக்கில் வீணாகத் தேடுகிறார்கள்: அன்றைக்கு உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பார்த்து, அந்த மாவட்டப் பதிவுகளில் தேடுங்கள். கரூர் 1910 வரை கோயம்புத்தூரில் இருந்தது, அப்புறம்தான் திருச்சிக்குப் போனது. ஈரோடு தனி மாவட்டமானதே 1979இல்.

கிராமப் பெயரும், வீட்டுப் பழைய பத்திரத்தில் சர்வே எண்ணும் கையில் இருந்தால் காப்பகத்துக்கே போங்கள். அப்புச்சி சொன்ன ஊர்ப்பெயர் மட்டும்தான் இருக்கிறதா? சரி, முதலில் கன்னிமாரா.