ஏஇசியா, கையால் வைக்கும் சார்ட்டா? பேனல் மாற்றிய கிளினிக்குக்கு எது தோது

பினாங்கில் ஒரு கிளினிக் பழைய எக்ஸ்ரே ஜெனரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, சிஆர் கேசட்டுக்குப் (படத்தைப் பிடித்துத் தனிக் கருவியில் வாசிக்கும் தட்டு) பதிலாக, படத்தை நேராகக் கணினிக்கு அனுப்பும் பிளாட் பேனல் பொருத்துகிறது என்று வையுங்கள். மறுநாளே கேள்வி வரும்: எக்ஸ்போஷரை, அதாவது கதிரின் அளவை, தானாக வெட்டும் ஏஇசியிடம் விட்டுவிடலாமா, உறுப்புக்கும் தடிமனுக்கும் ஏற்ற அளவுகளைக் குறித்த சார்ட் பார்த்துக் கையால் வைக்கலாமா? நாங்கள் சார்ட் பக்கம் சாய்ந்தோம். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளிலிருந்து ஃபோமேமா (வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனை) நெஞ்சுப் படத்துக்கு வருபவர்களும், கை கால் அடிபட்டு வருபவர்களுமே அதிகம் என்றால் சார்ட்தான் சரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தெரிந்த விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேனலைத் தாங்கும் பக்கிக்குள், கதிரை அளக்கும் மூன்று அயனி அறைகள் உட்கார்ந்திருக்கும். போதிய கதிர் வந்ததும் ஜெனரேட்டரை வெட்டும். அதுதான் ஏஇசி. கேவி (கதிரின் ஊடுருவும் வலிமை) நம்முடையது, எம்ஏஎஸ் (கதிரின் அளவு) அதனுடையது. சார்ட்டில் இரண்டும் நம் பொறுப்பு. கதிர் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். கூடினால் டிஆரில் (பிளாட் பேனல் முறையில்) கண்ணுக்கே தெரியாது, மென்பொருள் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்காவிட்டால் இரண்டுமே உதவாது; அதற்கு "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்று தெளிவாகச் சொல்வது ஒன்றே வழி.

எங்களைச் சார்ட் பக்கம் தள்ளியது பராமரிப்பு. சிஆர் காலத்தில் அளவீடு செய்த ஏஇசி, சிஆர் தட்டுக்கு வேண்டிய கதிர் சேர்ந்த பிறகுதான் வெட்டும். கதிரை ஒளியாக்கும் சீசியம் அயோடைடு பூசிய பேனலுக்கு அவ்வளவு தேவையில்லை. வெட்டும் அளவை யாரும் தொடாவிட்டால் பழைய கதிரே ஓடும். படம் பளிச்சென்று வரும், டாக்டரும் பாராட்டுவார். வேண்டாத கதிரை வாங்கிக்கொண்டு போவது நோயாளி. புகார் செய்ய ஆளில்லாத தவறு இது.

ஒரே ஒரு எண்ணைக் குறைத்தாலும் தீராது. கடோலினியம் பூசிய பேனலின் கே விளிம்பு (உறிஞ்சல் திடீரென்று எகிறும் ஆற்றல்) 50 கேஇவி, சீசியம் அயோடைடில் அயோடினுக்கு 33, சீசியத்துக்கு 36. ஆகவே கேவி ஏற ஏற ஒவ்வொன்றும் கதிரை ஒவ்வொரு விதமாக உறிஞ்சும். ஏஇசியின் திருத்தத்தை 60, 80, 100, 120 கேவி என்று படிப்படியாகப் பேனலுக்கு ஏற்ப அமைக்கவேண்டும். சர்வீஸ் மோடின் கடவுச்சொல் இன்ஜினியரிடம்தான் இருக்கும். மறுபடி மறுபடி ஒரே அளவு தருகிறதா என்று பார்க்கும் சோதனையிலும் இந்தக் குறை பிடிபடாது: தப்பான அளவையே ஒழுங்காகத் திரும்பத் தந்தாலும் தேறிவிடும். 20 செமீ அக்ரிலிக் பலகையை வைத்து 70, 81, 117 கேவியில் ஏஇசியில் அடித்து, இஐ (பேனலுக்கு வந்த கதிரைக் காட்டும் எண்) எப்படி நகர்கிறது என்று பார்ப்பது நாமே செய்யக்கூடிய சோதனை.

சார்ட்டில் கடிவாளம் எக்ஸ்ரே எடுப்பவர் கையில். ஐஇசி 62494-1 வகுத்த டிஐ என்ற எண், வந்த இஐ இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும். 0 என்றால் குறி சரி. +1 என்றால் 26 சதவீதம் கூடுதல், +3 என்றால் இரட்டிப்பு, −3 என்றால் பாதி. இப்போது கன்சோலில் எம்ஏஎஸ் பட்டனைத் தட்டிப் பாருங்கள்: 1, 1.25, 1.6, 2, 2.5, 3.2, 4, 5, 6.3, 8. ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ 25 சதவீதம். அதாவது, டிஐ 1க்கு ஒரு தட்டு. முழங்கால் 65 கேவி, 5 எம்ஏஎஸ்ஸில் தொடர்ந்து +2 காட்டுகிறதா, சார்ட்டில் 5ஐ அடித்துவிட்டு 3.2 என்று பென்சிலால் எழுதுங்கள். அவ்வளவுதான் சர்வீஸ்.

ஆனால் ஒரு படத்தை நம்பித் திருத்தவேண்டாம். பத்துப் படமாவது சேரட்டும். காலிமேஷன் (கதிர் விழும் பரப்பு) ஓரத்தை மென்பொருள் தப்பாகப் பிடித்தாலும், உள்ளே உலோகம் இருந்தாலும், முழங்காலை எடுத்துவிட்டு மெனுவில் கணுக்காலைத் தட்டியிருந்தாலும் டிஐ பொய் சொல்லும்.

சார்ட் போட, உடம்பின் தடிமனை அளக்க ஒரு காலிப்பர் வேண்டும். "ஒல்லி, நடுத்தரம், பருமன்" என்று கண்ணால் பிரித்தால் ஆளுக்கு ஆள் மாறும். தொடக்கப் புள்ளிகள்: கை 52 கேவி, 2 எம்ஏஎஸ், 100 செமீ, நெஞ்சு 120 கேவி, கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு), 180 செமீ, 2 எம்ஏஎஸ், வயிறு 20 செமீ தடிமனுக்கு 78 கேவி, கிரிட், 20 எம்ஏஎஸ். டியூபும் ஃபில்டரும் கிரிட்டும் மாறினால் இவையும் மாறும், ஓரிரு தட்டு முன்பின் இருக்கும். தடிமன் 4 செமீ கூடினால் எம்ஏஎஸ் இரட்டிப்பு, ஆக 24 செமீ வயிற்றுக்கு 40. நெஞ்சில் இந்த விதி மிகையாகப் போகும், உள்ளே பாதி காற்று. அங்கே 4 செமீக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு என்று தொடங்கி டிஐ பார்த்து நகர்த்துவது நல்லது. எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்க நினைத்தால் கேவியை 15 சதவீதம் ஏற்றலாம், கான்ட்ராஸ்ட் சற்று இறங்கும். தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்: 180க்குப் பதில் 170 செமீ நின்றால் பேனலுக்கு 12 சதவீதம் கூடுதல்.

ஏஇசி ஜெயிக்கும் இடமும் உண்டு. 30 செமீக்கு மேற்பட்ட உடம்பு, பக்கவாட்டு இடுப்பு முதுகெலும்பு: இங்கே சார்ட்டின் ஊகம் பலமாகத் தடுமாறும், நடு அறையைத் தேர்ந்துவிட்டு ஏஇசியிடம் விடலாம். ஆனால் குழந்தைகளுக்கு அறையே உடம்பைவிடப் பெரிதாக இருந்துவிடும். மறைக்கப்படாத கதிர் நேராக விழுந்து சீக்கிரம் வெட்டிவிடும், படம் மணலாகும். செயற்கை இடுப்பு மூட்டு அறையின்மேல் விழுந்தால் நேர்மாறு, கதிர் நீண்டுகொண்டே போகும். ஒல்லியான ஆளின் நெஞ்சை 120 கேவியில் அதிக எம்ஏவில் (டியூப் மின்னோட்டம்) எடுத்தால் சில மில்லிசெகண்டிலேயே வெட்டவேண்டிவரும். பழைய ஜெனரேட்டர் அத்தனை வேகமாக நிற்காது, எம்ஏவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதுகெலும்புக்கு மட்டும் ஏஇசி வைத்துக்கொள்வதானால் பேக்கப் எம்ஏஎஸ்ஸை (ஏஇசி வெட்டாவிட்டாலும் கதிர் நிற்கும் உச்ச அளவு) வழக்கமாக ஓடுவதன் ஒன்றரை மடங்கில் நிறுத்துங்கள். 60 ஓடும் இடத்தில் 90. அதை 500இல் விட்டுவைத்திருந்தால், படுக்கையில் ஆளைக் கிடத்திவிட்டுக் கன்சோலில் சுவர் பக்கியைத் தட்டிய அன்று, அந்த அறைகளில் கதிர் விழாததால் 500ம் ஓடித்தான் நிற்கும்.