‘அசிடேட் ஸ்டார்ட்டர்’ கேனை விதைச்சாலில் ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆனேக்கல், அத்திபெலே சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம் போடும் நம்மவர்களுக்கும், அங்கே வந்து இடுபொருள் வாங்கும் ஒசூர், தளி விவசாயிகளுக்கும் இந்த எச்சரிக்கை. பெங்களூருவில் ஒரு கடை, ‘அசிடேட் ஸ்டார்ட்டர்’ (விதைக்கும்போதே இளம் வேருக்காக விடும் திரவ உரம்) என்று 20 லிட்டர் கேன் விற்றது. லேபிளில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து எத்தனை சதவீதம் என்ற வரியே இல்லை. பில்லுக்குப் பதில் துண்டுச் சீட்டு. ஏக்கருக்கு ஒரு கேன், விதையோடு சேர்த்துச் சாலிலேயே விடலாம், டி.ஏ.பி.யும் பொட்டாஷும் தேவையில்லை என்பதுதான் கடைக்காரர் சொன்ன வழிமுறை.

விட்ட இடத்தில் பயிர் சொட்டை சொட்டையாக வந்தது. தோண்டிப் பார்த்தால் விதை ஊதியிருக்கிறது, முளைவேரின் நுனி பழுப்பேறிக் கருகியிருக்கிறது. மேட்டில் உள்ள மணல் கலந்த செம்மண்ணில் சேதம் அதிகம், ஈரம் நின்ற பள்ளத்தில் குறைவு. பூச்சியோ கெட்ட விதையோ பொதுவாக மேடு பள்ளம் பார்த்து இப்படிப் பிரிந்து தாக்காது. இது உப்புக் காயம், அதாவது உரத்தின் உப்பு விதையையும் வேரையும் கருக்கியது. மிச்சமிருந்த திரவத்தைப் பரிசோதித்ததில் குளோரைடும் யூரியாவும் தாராளமாக இருந்தன. அதாவது சிவப்புப் பொட்டாஷையும் யூரியாவையும் கரைத்து, வாசனைக்கு வினிகர் சேர்த்த தண்ணீர்.

உண்மையான பொட்டாசியம் அசிடேட் (பொட்டாஷும் வினிகர் அமிலமும் சேர்ந்த உப்பு) நல்ல சரக்குதான், அதைக் குறை சொல்லவில்லை. சிவப்புப் பொட்டாஷ், அதாவது மியூரியேட் ஆஃப் பொட்டாஷின் உப்புக் குறியீடு (மண்ணில் எவ்வளவு உப்புத்தன்மையை ஏற்றும் என்ற அளவு) 116. அசிடேட் அதைவிட மிகக் குறைவு. அசிடேட் பகுதியை மண் பாக்டீரியாக்கள் உணவாக்கிச் சீக்கிரம் தீர்த்துவிடும். குளோரைடு அப்படியே விதையருகில் கிடந்து, விதைக்குப் போக வேண்டிய ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும். யூரியா கூட இருந்தால் அம்மோனியாவும் சேர்ந்து வேரைச் சுடும். 75 செ.மீ. வரிசையில் சாதாரண உப்பு உரங்களை விதையோடு விட்டால், தழையும் சாம்பலும் சேர்த்து ஏக்கருக்கு சுமார் 4.5 கிலோ சத்துதான் மக்காச்சோளத்துக்கு மேல்வரம்பு. மணற்பாங்கான நிலத்தில் அதில் பாதி. இந்தக் கேனில் இருந்த கலவை அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். அவரை, நிலக்கடலை போன்ற பயறுகளுக்கு நல்ல ஸ்டார்ட்டரைக்கூட விதை மேல் விடாதீர்கள். பக்கவாட்டில் 5 செ.மீ., ஆழத்தில் 5 செ.மீ. தள்ளி வையுங்கள்.

வினிகர் வாசனையை நம்பி வாங்கியவர்களே அதிகம். அசிடேட் கரைசல் லேசான காரத்தன்மை உள்ளது, அதில் கடுமையான வினிகர் நெடி வரக் கூடாது. மூக்கில் ஏறும் அளவு நெடி இருந்தால், அதில் இருப்பது உப்பாகச் சேராமல் தனியாக நிற்கும் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம். அதையே களைக்கொல்லியாகவும் தெளிக்கிறார்கள்.

வாங்கும் முன் எடை போடுங்கள். தூய பொட்டாசியம் அசிடேட்டில் சாம்பல் சத்து 48 சதவீதம். 50 சதவீதக் கரைசலில் 24. அப்படிப்பட்ட கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.25 கிலோ நிற்கும். 1.05 கிலோதான் நிற்கிறது, ஆனால் லேபிள் 24 என்கிறது என்றால் பொய். குளோரைடுக்கு நீர்ப் பரிசோதனைக் கூடம் போதும். 1 மி.லி. சரக்கை 1 லிட்டர் பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர்) கலந்து கொடுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரைடு இருக்கும். லிட்டருக்கு 100 கிராம் சாம்பல் சத்து முழுவதும் மியூரியேட்டிலிருந்து வந்திருந்தால், கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் குளோரைடு காட்டும். அசிடேட் மட்டும் என்றால் ஏறக்குறைய பூஜ்யம்.

மூட்டைக்குப் பதில் கேன் என்ற பேச்சு நல்ல சரக்குக்கும் பொருந்தாது. 24 சதவீத அசிடேட் 20 லிட்டரில் சாம்பல் சத்து 6 கிலோ. 50 கிலோ மியூரியேட் மூட்டையில் 30. ஒரு டி.ஏ.பி. மூட்டை 9 கிலோ தழை, 23 கிலோ மணிச்சத்து தருகிறது. ஸ்டார்ட்டர் வேலை முளைத்த முதல் வாரங்களில் சின்ன வேருக்குக் கைகொடுப்பது, அதோடு சரி. அடியுரத்தை நிறுத்தினால் கதிர் கட்டும்போது பற்றாக்குறை தெரியும். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே நிறைவாக இருந்தால், நம் ஊர் ஜூன், ஜூலை வெதுவெதுப்பான மண்ணில் ஸ்டார்ட்டரால் மகசூல் பெரிதாக உயராது. கேனுக்குப் பணம் எடுக்கும் முன் மண் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள்.

1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் முறையான பில் தர வேண்டும்; லேபிளில் சத்து சதவீதமும் தயாரிப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ஒரு கேனைச் சீல் உடைக்காமல் வையுங்கள், திறந்த கேன் மாதிரியை ‘நீங்களே கலந்தது’ என்று தட்டிவிடுவார்கள். பயிர் சொட்டையாக வந்தால் கலைத்து மறு விதைப்பு போடும் முன், நாலைந்து இடத்தில் 10 மீட்டர் சாலில் நாற்றுகளை எண்ணுங்கள், 20 செ.மீ. இடைவெளி என்றால் 50 இருக்க வேண்டும். படம் எடுங்கள். உங்கள் ஹோப்ளியின் (கர்நாடகத்தில் பல ஊர்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) ரைத சம்பர்க்க கேந்திரா (வேளாண் துறையின் உழவர் தொடர்பு மையம்) அலுவலரை வயலுக்கே வரவழைத்து எழுத்தில் பதிவு வாங்குங்கள், கன்னடத்தில் மனு எழுத அங்கேயே உதவி கேட்கலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.