ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கத்துக்குக் கையால் செய்யும் சிகிச்சை: போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம். ஆனால் படுத்தால் யாரோ அமுக்கிவிடுவார்கள், எழுந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். நான் போனது ஓட்டக்காரர்கள் அதிகம் வருகிற ஒரு பிசியோவிடம். ஓடி முடித்ததும் தொடையின் பின்பக்கத் தசைகள், அதாவது ஹாம்ஸ்ட்ரிங், முறுக்கிய கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும், குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் இறங்கும், ரொம்ப நேரம் நாற்காலியில் இருந்தால் உட்காரும் எலும்புக்குக் கீழே ஒரு இழுப்பு.

எனக்கு அவரிடம் பிடித்ததே உடனே கை வைக்காததுதான். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி, எங்கே இழுக்கிறது என்று கேட்டார். அப்புறம் காலை அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு பாதத்தை மட்டும் என் பக்கமாக மடக்கினார். ஹாம்ஸ்ட்ரிங் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது, பாதத்தை மடக்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அப்போது தொடையில் இழுப்பு கூடினால் சந்தேகம் நரம்பின் மேல் வரவேண்டும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு அந்தத் தசைகளுக்கு அடியில்தான் ஓடுகிறது, உறுத்திக்கொண்டிருக்கும் நரம்பைத் தசை என்று நினைத்து முழங்கையால் அழுத்தினால் வலி இன்னும் கூடும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக எண்ணெய் பாட்டிலை எடுப்பவரிடம் நான் போகமாட்டேன்.

எனக்கு நரம்பு இல்லை, தசைதான். குப்புறப் படுத்ததும் உள்ளங்கையால் முழங்காலுக்கு மேலிருந்து இடுப்பு நோக்கி நீளமாகத் தேய்த்தார், சுகமாக இருந்தது, அவ்வளவுதான். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முழங்காலை மடக்கி, இறுகிய ஓர் இடத்தை முன்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ காலை மெதுவா நீட்டுங்க" என்றார். அழுத்திய இடம் அப்படியே நிற்க, மீதித் தசை அதிலிருந்து நீள்கிறது, அந்த இழுப்பு துல்லியமாக ஒரே கோட்டில் தெரிகிறது. உள்பக்கம் இருக்கும் இரண்டு தசைகளில் பரவாயில்லை, எனக்கு வெளிப்பக்கம்தான் மோசம். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஆறு என்றதும் கையைத் தளர்த்திவிடுவார், ஏனென்றால் நாம் பல்லைக் கடித்துத் தாங்க ஆரம்பித்தால் தசையும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். ரத்தம் கன்றிப்போனால்தான் சிகிச்சை என்று நம்புகிறவர்களுக்கு இவர் சரிப்படமாட்டார். முழங்காலின் பின்குழியைத் தொடவே இல்லை. ரத்தக் குழாயும் நரம்பும் போகிற இடம், அங்கே அழுத்தக்கூடாது.

கடைசியில் மறுபடி மல்லாக்க. காலை அவர் தோளில் வைத்து, முழு பலத்தில் கால்வாசி அளவுக்குக் கீழே தள்ளச் சொன்னார். ஆறேழு விநாடி தள்ளி, விட்டு, மூச்சை வெளியே விட்டால் கால் தானாக இன்னும் கொஞ்சம் மேலே போகிறது.

எழுந்து குனிந்தபோது விரல் கணுக்கால்வரை போனது. இதில் மயங்கிவிடாதீர்கள். ஒரு தடவை படுத்து எழுந்ததில் யாருடைய தசையும் நீளமாகிவிடாது, பெரும்பாலும் மாறுவது அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் அளவுதான், அதனால்தான் சீக்கிரமே எனக்குப் பழையபடி இறுகிக்கொண்டது. தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச காலத்தில் தசையைப் பலப்படுத்த வேண்டும். இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், எடையோடு குனிந்து எழும் ருமேனியன் டெட்லிஃப்ட், அப்புறம் தெம்பு வந்தபின், முழங்காலிட்டுக் கணுக்காலை யாராவது பிடித்துக்கொள்ள உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக். இவற்றை ஒழுங்காகச் செய்கிற வாரங்களில் எனக்கு ஸ்ட்ரெச்சிங்கே அதிகம் தேவைப்படுவதில்லை. என் பெரிய குறையும் இதில்தான்: அமுக்குவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தவர் பயிற்சிகளை அவசர அவசரமாகக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளக் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள்.

ஓடும்போது "டப்" என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்து, நீலம் பாய்ந்திருந்தால் முதல் சில நாட்கள் யாரையும் ஆழமாக அமுக்க விடாதீர்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், பிசியோவிடம் அல்ல, உடனே டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. என்னிடம் அவரே கேட்டார், எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.