விசேஷத்துக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும் ஃபிளாஷ்: சில வருஷம் உபயோகித்த பிறகு

காது குத்து, வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கேமராவோடு அலைகிற ஆள் நான். இது என் தொழில் இல்லை. ஓய்வு கிடைத்தால் வீட்டு மனிதர்களை உட்காரவைத்து போர்ட்ரெய்ட் எடுப்பேன். கையில் இருப்பது நிக்கான் டி7500. அதன் மேல் மாட்ட கோடாக்ஸ் வி860-2, ஸ்டாண்டில் தனியாக நிறுத்த கோடாக்ஸ் டிடி600, இரண்டாவதைக் கேமராவிலிருந்து இயக்க எக்ஸ்2டி டிரிக்கர். சில வருஷமாக இந்தச் செட்டுதான். "எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இருக்கும் விஷயம் ஒன்றுதான்: விசேஷத்துக்கு வேண்டிய ஃபிளாஷ் வேறு, போர்ட்ரெய்ட்டுக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ஒரே பொருளில் தேடினால் தேவையில்லாத வசதிக்குக் காசு கொடுப்போம்.

கடையில் முதலில் காட்டுவது ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பரைத்தான். அந்த எண்ணை மீட்டர் தூரத்தால் வகுத்தால், ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 100-இல் வைக்க வேண்டிய அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் எண்) வரும். கணக்கு சரி. ஆனால் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. வி860-2-க்கு 60 என்று போட்டிருக்கும். அது தலையை 200 எம்எம்முக்கு ஜூம் செய்து, ஒளியை ஒரே இடத்தில் குவித்தால் வரும் எண். நிக்கான் எஸ்பி-700-க்கு 28 என்பார்கள். அது 35 எம்எம்மில் அளந்தது. 60 பெரியது, 28 சிறியது என்று முடிவு கட்டினால் தப்பு. அதுவும் வீட்டுக்குள் ஃபிளாஷை நேராக யார் முகத்திலும் அடிக்கப் போவதில்லை. சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பிவரும் ஒளியில்தான் படம் எடுக்கப் போகிறோம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஃபிளாஷின் தலை எவ்வளவு திரும்புகிறது என்பதை. மலிவான சிலவற்றில் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும், மறுபக்கம் பாதியில் நின்றுவிடும். கேமராவைக் கிடையாகப் பிடித்திருக்கும்வரை இது தெரியாது. செங்குத்தாகத் திருப்பிய உடனே நமக்கு வேண்டிய சுவர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, தலை அந்தப் பக்கம் வராது. வி860-2-இன் தலை சுற்றிலும் திரும்புகிறது. என் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரில்கூட அடிக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் அடிக்கிறேன்.

"குழந்தை கண்ணுல லைட் அடிக்காதப்பா" என்று சொல்லும் பாட்டி எல்லா வீட்டிலும் உண்டு. பின் சுவரில் அடித்துக் காட்டினால் அவர்களுக்கும் நிம்மதி. படமும் நன்றாக வரும்: நெற்றியில் எண்ணெய் மினுக்கம் அடங்கும், பட்டுப் புடவையின் ஜரிகை வெள்ளைக் கோடாக எரியாது, மூக்குத்திக்கும் கம்மலுக்கும் வடிவம் கிடைக்கும். நேர் ஃபிளாஷில் தங்க நகை வெறும் வெளிச்சப் பொட்டுதான். சந்தனமும் விபூதியும் அப்படியே.

நம் வீடுகளில் சிக்கல் பெயிண்ட். பிஸ்தா பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று அறைக்கு ஒரு நிறம். பச்சைச் சுவரில் அடித்தால் ஒரு கன்னம் மட்டும் பச்சையாக வரும். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் RAW ஃபைலாக எடுத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வெள்ளைச் சமநிலையை, அதாவது படத்தின் மொத்த நிறச் சாய்வை, மாற்றினால் மறு கன்னம் ரோஸாகிவிடும். அங்கே கூரைதான் கதி. கூரை பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது நம் அதிர்ஷ்டம். மொட்டை மாடியில் மஞ்சளும் சிவப்புமாக ஷாமியானா கட்டியிருந்தால் அதுவும் இல்லை. ஒரு சின்ன வெள்ளை அட்டையை ஃபிளாஷ் தலையில் ரப்பர் பேண்டால் மாட்டி, அதன் மேல் அடித்துச் சமாளிக்க வேண்டியதுதான். ஒளியைப் பரப்ப, பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி ஒரு டிஃப்யூசர் விற்கிறார்கள். பக்கத்தில் சுவரோ கூரையோ இருந்தால் அது உதவும். திறந்தவெளியில் ஒளியை நாலாபுறமும் வீணாக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

கல்யாண மண்டபம் தனி உலகம். கூரை எட்டாத உயரத்தில் இருக்கும், ஃபால்ஸ் சீலிங்கில் நீலமும் ஊதாவுமாக எல்இடி ஓடும். அங்கே நான் சுவரோரமாக நிற்கும் இடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றி, ஷட்டரை 1/60-க்கு இறக்கி, மண்டப வெளிச்சத்தையே பிரதானமாக வைத்து, ஃபிளாஷை லேசாகத் தூவுகிறேன். பின்னணியில் சீரியல் செட் மின்னுவது படத்தில் வர வேண்டும் அல்லவா? ஷட்டரை 1/250-இல் வைத்தால் மணமக்கள் குகைக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். இன்னொன்று: நாம் அடிக்கும் ஃபிளாஷ், வீடியோ எடுப்பவரின் காட்சியில் பாதிப் பட்டையாக வெள்ளை அடித்துப் பதிவாகும். பெரும்பாலான வீடியோ கேமராக்களில் சென்சார் வரிவரியாகப் பதிவதால் வரும் கோளாறு அது. தாலி கட்டும் நேரத்தில் கூலிக்கு வந்தவர்களுக்கு வழிவிட்டு நான் ஃபிளாஷை அணைத்துவிடுவேன். அவர்கள் பிழைப்பு அது.

அடுத்தது பேட்டரி. விசேஷத்தில் கைடு நம்பரைவிட முக்கியம், ஒரு தடவை அடித்ததும் ஃபிளாஷ் மறுபடி தயாராக எடுக்கும் நேரம். கேக் வெட்டி வாயில் ஊட்டும் அந்தச் சில விநாடிகளில் நான்கு படம் வேண்டும். வி860-2-இன் லித்தியம் பேட்டரி முழுப் பலத்தில் அடித்தாலும் ஒன்றரை விநாடிக்குள் தயாராகிறது. ஒரு சார்ஜில் முழுப் பலத்தில் 650 தடவை என்பது கம்பெனி கணக்கு. நான் முழுப் பலத்தில் அடிப்பதே அபூர்வம். ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 800-க்கு ஏற்றினால் மூன்று ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு); ஃபிளாஷ் எட்டில் ஒரு பங்கு உழைத்தால் போதும். சாயங்காலம் தொடங்கி பந்தி முடியும்வரை ஒரே பேட்டரியில் ஓட்டிவிடலாம், சூடும் ஏறாது.

இதற்கு முன் நான்கு டபுள்-ஏ பேட்டரி போடும் ஒரு ஃபிளாஷ் வைத்திருந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பேட்டரி மூடியின் கொக்கி முதலில் போனது, அப்புறம் கேமராவில் மாட்டும் பிளாஸ்டிக் கால் விரிசல் விட்டது. அது தந்த ஒரே பாடம், சாதாரண ஆல்கலைன் செல் இந்த வேலைக்கு ஆகாது என்பது. கொஞ்ச நேரத்தில் ஃபிளாஷ் திணற ஆரம்பித்துவிடும். டபுள்-ஏ தான் என்றால் எனலூப் மாதிரி ரீசார்ஜபிள் நிக்கல் செல் வாங்குங்கள். உபயோகிக்காத மாதங்களில் வெளியே எடுத்து வையுங்கள்.

விசேஷத்துக்கு டிடிஎல் அவசியம். முன்கூட்டி ஒரு மெல்லிய ஃபிளாஷ் அடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்து, கேமராவே பலத்தை முடிவு செய்யும் முறை அது. ஆட்கள் கிட்டே வருவார்கள், தள்ளிப் போவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருக நேரம் கிடையாது. ஆனால் அதை முழுசாக நம்பவும் கூடாது. வெள்ளை வேட்டி சட்டையில் பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வரிசையாக நின்றால், கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகங்கள் இருண்டுவிடும். அங்கே ஃபிளாஷ் காம்பன்சேஷனைக் கூட்டி +0.7 வைப்பேன். ரிசப்ஷனில் மாப்பிள்ளை கறுப்பு கோட்டில் நின்றால் நேர்மாறு. குரூப் போட்டோவில் டிடிஎல்லை அணைத்து மேனுவலுக்குப் போய்விடுவேன். சிலர் அந்த முன் ஃபிளாஷுக்கே கண்ணை மூடுவார்கள். சரியாக மூடிய கண்ணோடுதான் படம் விழும். குரூப்பில் யாரும் நகரப் போவதில்லை, ஒருமுறை அளவு பார்த்து வைத்தால் கடைசிப் படம்வரை அதுவே போதும்.

போர்ட்ரெய்ட்டில் இதெல்லாம் தலைகீழ். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் ஃபிளாஷுக்கும் உள்ள தூரம் மாறப்போவதில்லை, டிடிஎல்லுக்கு வேலையே இல்லை. அதனால்தான் டிடி600. டிடிஎல் கிடையாது, எல்லாம் கையால்தான், விலையும் அதற்கேற்றபடி மிகக் குறைவு. ஒரு வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்டு, டிரிக்கர். ஆளுக்குப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. குடையை எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே. தூரம் போகப் போக ஒளி முரடாகும். எங்கள் அம்மாவின் முகச் சுருக்கம் அழகாக வந்த படம் எல்லாம் குடை கிட்டே இருந்தபோது எடுத்தவை. மறுபக்க நிழலைக் குறைக்கத் தெர்மகோல் பலகை ஒன்று. ஷட்டர் டி7500-இன் ஒத்திசைவு வேகமான (ஃபிளாஷ் ஒளி படம் முழுக்கப் பதியும் உச்ச வேகம்) 1/250-க்குள் இருந்தால் சரி.

டிரிக்கர் ரேடியோவாக இருக்கட்டும். இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்து அடிக்கும் ஆப்டிக்கல் வசதி மலிவு ஃபிளாஷ்களிலும் உண்டு. அதை விசேஷ வீட்டில் போட்டால் அங்கே யார் படம் எடுத்தாலும் உங்கள் ஃபிளாஷ் சேர்ந்து அடிக்கும்.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை, கேனான் வைத்திருப்பவர்களுக்கு. 200டி-2, 3000டி போன்ற கேமராக்களின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுவில் இருக்க வேண்டிய தொடுபுள்ளி கிடையாது. டிடி600 மாதிரி அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பும் ஃபிளாஷை மேலே மாட்டினால் அடிக்காது. கேனானுக்கென்றே வரும் டிடிஎல் வகைதான் பார்க்க வேண்டும். அப்பா காலத்து ஃபிலிம் ஃபிளாஷ் பீரோவில் கிடக்கிறதே என்று மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. விவிட்டார் 283-இன் பழைய பிரதிகளில் தொடுபுள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்றைய கேமராவின் மின்சுற்று அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் தொடுபுள்ளிகள் மங்கும், டிடிஎல் விட்டுவிட்டு வேலை செய்யும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தால் சரியாகிவிடும். மாதம் ஒருமுறை சும்மாவாவது சில தடவை அடித்து வைக்கிறேன், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்கு நல்லது. ஃபிளாஷைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்சாரம் இருக்கும்.

இன்று புதிதாக வாங்குபவர் வி860-3 பார்க்கலாம். கேமராவில் மாட்டும் காலை ஒரே அழுத்தில் பூட்டலாம், ஒளி எங்கே விழும் என்று முன்கூட்டிக் காட்டும் சின்ன மாடலிங் விளக்கும் உண்டு. வட்டத் தலை கொண்ட வி1 பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒளியின் ஓரம் மென்மையாக வட்டமாகக் கரைவது நேராக அடிக்கும்போது தெரியும். சுவரில் அடித்துத் திருப்பினால் இரண்டுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. காந்தத்தில் ஒட்டும் துணைப்பொருள்கள் வேண்டும் என்பவருக்கு அது சௌகரியம். பட்ஜெட் கம்மி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிடிஎல்லும் லித்தியமும் உள்ளதை முதலில் வாங்குங்கள். அதையே ஸ்டாண்டில் வைத்து போர்ட்ரெய்ட்டும் எடுக்கலாம். போர்ட்ரெய்ட் மட்டும்தான் என்பவர் டிடி600-உம் டிரிக்கரும் வாங்கி, மிச்சக் காசை நல்ல ஸ்டாண்டில் போடலாம்.

நாளைக்கு நான் சோனிக்கோ ஃபியூஜிக்கோ மாறினால் மேலே மாட்டும் வி860-2 அங்கே டிடிஎல்லில் பேசாது. ஸ்டாண்டில் நிறுத்தினால் இரண்டு ஃபிளாஷும் அப்படியே ஓடும். அந்தக் கம்பெனிக்கு உரிய எக்ஸ்2டி ஒன்று மட்டும் வாங்கினால் போதும்.