தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர் எதில் போவது?

கூடுவாஞ்சேரியில் வீடு, சென்னை அண்ணா சாலையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயில் தாமதமானால் வேறு எதில் போகலாம் என்ற கேள்வியை இப்படி ஒருவருடைய இடத்தில் நின்று கேட்டால்தான் உருப்படியான விடை கிடைக்கும். மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ இருப்பவர் ரயிலைத் தவறவிட்டால் வெளியே வந்து பேருந்து பிடித்துவிடுவார். தாம்பரத்தைத் தாண்டினால் ஒரே ரயில் தடம், அதற்குப் பக்கத்திலேயே ஒரே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை. இரண்டும் ஒரே நாளில் திணறினால் போக்கிடம் இல்லை.

அதனால் சராசரிப் பயண நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. வழக்கமாக 80 நிமிடம் ஆகும் வழி என்றாவது ஒரு நாள் 2 மணி நேரத்தை விழுங்குமா, அப்படி விழுங்கும்போது பாதியில் இறங்கித் தப்ப முடியுமா என்பதுதான் வேலைக்குப் போகிறவரின் கவலை. இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

முதலில் ரயில். சென்னைக் கடற்கரை நிலையம்–தாம்பரம் தடம் மின்மயமானது 1931-இல். அப்போது அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை. குரோம்பேட்டையும் பல்லாவரமும் இன்று இருக்கும் அளவுக்கு வளர்ந்ததில் இந்தத் தடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை புறநகர் ரயில்களும் வெளியூர் ரயில்களும் பெரும்பாலும் தனித்தனிப் பாதைகளில் ஓடுகின்றன. சிக்கல் தாம்பரத்துக்குத் தெற்கே தொடங்குகிறது. அங்கே மூன்றாவது பாதை வந்துவிட்ட பிறகும், புறநகர் ரயிலுக்கென்று முழுதாக ஒதுக்கிய இரட்டைப் பாதை கிடையாது. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், இராமேசுவரம் என்று தென்மாவட்டங்களிலிருந்து இரவில் புறப்பட்ட ரயில்கள் காலையில் வந்து சேருகிற நேரமும், அலுவலகம் போகிறவர்கள் கிளம்புகிற நேரமும் ஒன்று. மாலையில் அதே ரயில்கள் எழும்பூரிலிருந்து கிளம்பும்போது நாம் வீடு திரும்புகிறோம். 600 கிலோமீட்டர் ஓடி வந்த ரயில் 20 நிமிடம் தாமதமாக வந்தால், அதற்கு வழிவிடச் செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயில் ஏதாவது ஒரு சிக்னலில் நின்றாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் வெளியே தெரிவதில்லை. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த அதே ரேக்தான் (பெட்டித் தொடர்) திரும்பித் தாம்பரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ வருகிறது. காலை 7 மணிக்குத் தவறிய 10 நிமிடம் அங்கே தீராமல், அடுத்த நடைக்கும் அதற்கடுத்த நடைக்கும் கடனாகப் போகிறது. தாமதமான ரயிலுக்காக நடைமேடையில் கூட்டம் சேருகிறது. கூட்டம் ஏறி இறங்க அதிக நேரம் பிடிக்கிறது. 30 விநாடி நிற்க வேண்டிய நிலையத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. பின்னால் வரும் ரயில் பாதி காலியாக ஊர்ந்து வருவதும் இதனால்தான். ரயில்வே கேட்டும் ஒரு காரணம். கேட் மூடாமல் சிக்னல் விழாது. வாகனங்கள் நெருக்கியடித்து நுழைந்துகொண்டே இருந்தால் கேட்டை மூட முடியாது. மழைநாளில் தண்டவாளத்தில் தேங்கும் நீர், மேல்நிலை மின்கம்பி அறுவது, ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்புப் பணி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை.

மின்கம்பி அறுவதை அவ்வளவு எளிதாகச் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 2018 ஜூலை 24 அன்று காலை மின்கம்பிப் பழுதால் புறநகர்ப் பாதையில் போக்குவரத்து தடைப்பட்டது. ரயில்கள் விரைவு ரயில்களின் பாதைக்கு மாற்றி விடப்பட்டன. படிக்கட்டில் தொங்கிய பயணிகள், பரங்கிமலை நிலையத்தில் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்பில் மோதி இறந்தார்கள். அன்று ஓடிய ஒரு ரயிலில் பல ரயில்களின் கூட்டம் ஏறியிருந்தது. தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை சம்பளத்தில் பிடிக்கும் அரைநாளோடு நிற்பதில்லை.

இனி மெட்ரோ. நேரம் தவறாமையில் இதற்கு ஈடில்லை; காரணம், அதன் பாதையில் வேறு எந்த ரயிலும் குறுக்கே வருவதில்லை, கேட்டும் இல்லை. ஒன்றைத் தவறவிட்டாலும் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை. இதே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கு 10 ரூபாய்தான், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. ஆனால் மெட்ரோவின் உண்மையான குறை கட்டணமல்ல, அது விமான நிலையத்தோடு முடிந்துவிடுவதே. கூடுவாஞ்சேரிக்காரர் அதைப் பிடிக்கவே மின்சார ரயிலிலோ பேருந்திலோ வர வேண்டும்.

ஆகவே அவருக்கு மெட்ரோவா ரயிலா என்பது கேள்வியே இல்லை, எங்கே மாறுவது என்பதுதான் கேள்வி. திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலைய மெட்ரோ; பரங்கிமலையில் இரண்டும் ஒரே இடத்தில்; கிண்டியில் பக்கத்தில். ரயில் ஓரளவு ஓடுகிற நாளில் கிண்டி வரை வந்து மாறுவதே நல்லது. மின்சார ரயில் அண்ணா சாலையைத் தொடுவதே இல்லை. மெட்ரோ அங்கே தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. என்று வாசலிலேயே இறக்கிவிடும். ரயில் ஊர்கிற நாளில் திரிசூலத்திலேயே இறங்கிவிட வேண்டும். கூடச் செலவாகும் 10 ரூபாயோ 20 ரூபாயோ அந்தக் காலைக்குத் தகும். வேலை நுங்கம்பாக்கத்திலோ சேத்துப்பட்டிலோ என்றால் இந்த யோசனை உதவாது. மெட்ரோ அந்தப் பக்கம் போவதில்லை, மின்சார ரயிலிலேயே பொறுத்திருப்பது மேல்.

குளிர்சாதன மின்சார ரயிலை மாற்று வழியாகச் சிலர் சொல்கிறார்கள். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் அது வந்தபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், முழுத் தூரத்துக்கு 105 ரூபாய். கதவுகள் தானாக மூடிக்கொள்வதால் தொங்க முடியாது. பரங்கிமலையை நினைத்தால் அதன் அருமை புரியும். உட்கார்ந்து போகிறவருக்குச் சுகமான பயணமும்கூட. ஆனால் ஓடுவது அதே பாதையில், நிற்பதும் அதே சிவப்பு சிக்னலில். தாமதத்துக்கு அது மருந்தாகாது.

பேருந்துக்கு வருகிறேன். மாநகரப் பேருந்தில் 1000 ரூபாய் மாதப் பாஸ் எடுத்தால் குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, இதைவிட மலிவான வழி அவர்களுக்குக் கிடையாது. 2023 டிசம்பரின் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, வண்டலூர்ப் பக்கத்திலிருந்து நகருக்குள் வரும் பேருந்துகள் கூடியிருக்கின்றன. ஆனால் பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் கிளம்பும் மாலைகளில் அந்தச் சாலையில் நிற்பதைவிட ரயிலுக்குக் காத்திருக்கலாம். பேருந்தின் பலம் வேறு: அது ஒரே சமயத்தில் அடியோடு நின்றுபோவதில்லை. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் ரயில் நிலைய யார்டு சீரமைப்புக்காக மின்சார ரயில்கள் கூட்டமாக ரத்தானபோது, கூடுதல் பேருந்துகளை விட்டுத்தான் நிலைமையைச் சமாளித்தார்கள்.

மேம்பாலப் பாதையில் கடற்கரை–வேளச்சேரி இடையே ஓடும் பறக்கும் ரயில் தரமணி, திருவான்மியூர்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு வேளச்சேரியிலிருந்து பயன்படும். அண்ணா சாலைக்காரருக்கு அதில் வேலையில்லை. ஷேர் ஆட்டோ நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான கடைசி 3 கிலோமீட்டருக்கு நல்லது, அதற்கு மேல் வேண்டாம். இருசக்கர வாகனத்தில் முழுத் தூரமும் போய் வருபவர்களை அறிவேன். நாளுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தாம்பரம் நிலையம் வரை ஓட்டி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறுவது வேறு. தாம்பரத்திலிருந்தே புறப்படும் ரயில்கள் பல உண்டு. தெற்கே நடக்கும் வழிவிடல் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, உட்கார இடமும் கிடைக்கும். காலைப் பயணத்துக்கு என் வரிசையில் இதற்கு இரண்டாம் இடம். முதலிடம் கிண்டியில் மெட்ரோவுக்கு மாறும் வழிக்கு.

பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' 2025 செப்டம்பரில் வந்துவிட்டதால், பாதியில் மாறுகிறவருக்கு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

மெட்ரோவை விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ளது. அது ஓடத் தொடங்கும் நாளில் மேலே சொன்ன கணக்குகள் பெரும்பாலும் மாறிவிடும். அதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது தாம்பரம்–செங்கல்பட்டு இடையே நான்காவது பாதை. நகருக்குள் இந்த வேலையை நடத்துவது எவ்வளவு கடினம் என்று பார்த்துவிட்டோம்: கடற்கரை–எழும்பூர் இடையே 4 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு பாதை கூடுதலாகப் போட, 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகவில்லை. தெற்கே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போகும்போதும் பாதையை ஒட்டி இன்னும் சில அடுக்குமாடிகள் எழுகின்றன, அவற்றில் குடிவருகிறவர்களும் அதே காலை ரயிலுக்குத்தான் வந்து நிற்கிறார்கள்.